ஓரவையா, ஈரவையா: தடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது?

ஈரவை நாடாளுமன்றத்தில் ஓர் அவை நிறைவேற்றிய மசோதாவை மற்றோர் அவை நிறுத்தி வைக்க முடியும். ஆஸ்திரேலியாவில் 1975-இல் மேலவையான செனட் நிதி மசோதாக்களை ஒத்திவைத்தது, அரசின் பதவிநீக்கத்தில் போய் முடிந்தது. ஓரவையில் அத்தகைய முட்டுக்கட்டை எழுவதில்லை. சட்டம் விரைவாக நிறைவேறுகிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதும் மக்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பெரும்பான்மையின் கையில் அந்த விரைவே ஆபத்தாகவும் மாறலாம். மேலவையை ஒழித்த நியூசிலாந்து, மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுவான தேர்வுக்குழுவின் விசாரணையையும், கட்சிகள் பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் அமையும் கலப்பு விகிதாசாரத் தேர்தலை 1996 முதலும் கொண்டு இதைச் சமாளிக்கிறது. 1953-இல் மேலவையைக் கைவிட்ட டென்மார்க்கின் ஏற்பாடே எனக்கு மேலும் உறுதியானதாகப் படுகிறது: 179 உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கோரினால், நிதி மசோதா போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நிறைவேறிய மசோதாவைப் பொதுவாக்கெடுப்புக்கு அனுப்பலாம். சிறுபான்மைக்கு இந்த உரிமை அரசியலமைப்பிலேயே இருக்குமானால், நான் ஓரவையையே தேர்ந்தெடுப்பேன்.