எச்சில் துப்பி வாங்கின "வெயிட் ஜீன்" ரிப்போர்ட் - 5க்கு 2 ஸ்டார்

கம்பெனி பேர் போடல. போட்டா சண்டைக்கு வருவாங்க, எனக்கு அதுக்கு தெம்பு இல்ல. பேரியாட்ரிக், அதாவது வெயிட் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கப் போறவங்ககிட்ட "உங்க ஜீன் பாத்து எவ்ளோ வெயிட் குறையும்னு சொல்றோம்"னு டிஎன்ஏ கிட் விக்கிறாங்கல்ல, அதுல ஒண்ணுதான். 14,000 ரூபா.

போன வருஷம் எனக்கு ஸ்லீவ் ஆச்சு. தெரியாதவங்களுக்கு: வயித்துல முக்கால்வாசிக்கு மேல எடுத்துட்டு வாழைப்பழ சைஸ்ல ஒரு குழாயா விட்டுடுவாங்க, பசியைக் கிளப்புற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்கிறதும் அந்த வெட்டி எடுக்கிற பக்கத்துலதான், அதனால வயிறு சின்னதாகுறதோட பசியும் அடங்கும். அப்ப நான் 118 கிலோ. ஆபரேஷன் பண்ணியும் குறையலன்னா என்ன பண்றதுன்னு ராத்திரி தூக்கம் வராம மொபைல நோண்டிட்டு இருந்தப்பதான் இந்த விளம்பரம் வந்துச்சு, பயத்துல ஆர்டர் போட்டுட்டேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். வீட்டுக்கே வந்து சாம்பிள் வாங்கிட்டுப் போனாங்க, சொன்ன தேதிக்கு ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்குதான் அந்த ரெண்டு ஸ்டார். சாம்பிள்னா எச்சில், அரை மணி நேரம் தண்ணிகூட குடிக்காம டியூப்ல கோடு வரைக்கும் துப்பணும், வாய் காஞ்சு போய் புளியங்காயை நெனச்சு நெனச்சு துப்பினேன் 😂

ரிப்போர்ட் 42 பக்கம். முதல் பக்கத்துலயே செவப்பு கலர்ல எஃப்டிஓ ஜீன் "ஹை ரிஸ்க்", அம்மாகிட்டேந்து ஒண்ணு அப்பாகிட்டேந்து ஒண்ணுன்னு ரிஸ்க் வகை ரெண்டு காப்பியும் இருக்காம். பாத்ததும் அழுதுட்டேன், உண்மையா. அப்புறம் உக்காந்து தேடிப் படிச்சா இந்த ஜீனுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு இருக்குன்னு 2007லயே கண்டுபிடிச்சிருக்காங்க, ரெண்டு காப்பி இருக்கிறவங்க இல்லாதவங்கள விட சராசரியா 3 கிலோ கூட இருப்பாங்க, அவ்ளோதான். 118ல 3 போனா 115, மீதியை யார் கணக்குல எழுதறது? 2018ல ஏழு லட்சம் பேர் டிஎன்ஏ பாத்து வெயிட்டோட தொடர்பு இருக்கிற 941 இடம் கண்டுபிடிச்சிருக்காங்க, அத்தனையும் சேந்தும் ஆளுக்கு ஆள் இருக்கிற பிஎம்ஐ (உயரத்தை வச்சு வெயிட்டை அளக்கிற கணக்கு) வித்தியாசத்துல 6 சதவீதம்தான் விளக்குதாம். இவங்க பாத்தது மொத்தமே பத்துப் பன்னெண்டு இடம். இதை வச்சு "ஆபரேஷன் பலன்: மிதம்"னு ஒரு மீட்டர் முள்ளு வேற போட்டிருக்காங்க, பெட்ரோல் கேஜ் மாதிரி.

டயட் பக்கம் அதை விட காமெடி. கினோவா, அவகாடோ, கேல் கீரை. எங்க ஊர் சந்தையில முருங்கக்கீரைதான் கிடைக்கும். ஸ்லீவ் ஆனவங்களுக்கு முக்கியமானது ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாம புரோட்டீன், பி12, இரும்புச்சத்து, சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாதுங்கறது, இதெல்லாம் ஒரு வரி இல்ல. கவுன்சலிங்னு போன் பண்ணின பொண்ணு ரிப்போர்ட்டையே வரிக்கு வரி படிச்சுட்டு கடைசில அவங்க பவுடர் டப்பா வாங்கச் சொன்னாங்க. பாவம் டார்கெட் இருக்கும்போல. சர்ஜன்கிட்ட காட்டினேன், ரெண்டு பக்கம் பொரட்டிட்டு "இதை வச்சு நான் ஒண்ணும் மாத்தப் போறதில்லம்மா"ன்னு திருப்பிக் குடுத்துட்டார்.

அப்போ ஜீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு. அதான் கடுப்பே. 2011ல அமெரிக்காவுல கேஸ்ட்ரிக் பைபாஸ்ங்கற இன்னொரு வகை வெயிட் ஆபரேஷன் பண்ணினவங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கூடப் பொறந்தவங்க, பெத்தவங்க-பிள்ளைங்கன்னு ரத்த சொந்தமா இருந்தா ரெண்டு பேருக்கும் வெயிட் கொறஞ்சதுல வித்தியாசம் வெறும் 9 சதவீதம், ரத்த சொந்தம் இல்லாம ஒரே வீட்டுல இருக்கிறவங்களுக்கு 26 சதவீதம். அதாவது ஒரே சமையல் சாப்பிட்டாலும் ஒடம்பு வாகு வேறதான். எங்க அக்கா எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்லீவ் பண்ணா, 109லேந்து 14 மாசத்துல 72. நான் அதே 14 மாசத்துல 118லேந்து 79. கணக்குப் போட்டா அவளுக்கு 34 சதவீதம், எனக்கு 33. என் பக்கத்து பெட்ல அதே நாள் அதே டாக்டர்கிட்ட பண்ணிக்கிட்ட இன்னொருத்தங்க ஒழுங்கா டயட் இருந்தும் 20 கிலோதான் குறைஞ்சாங்க, அவங்களை எல்லாரும் "வாயைக் கட்டல"ன்னு திட்டறாங்க, கேக்கவே கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு, டாக்டரே எழுதிக் குடுக்கிற ஜெனடிக் டெஸ்ட் வேற, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க. சின்னக் குழந்தை அடங்காத பசியோட கிடுகிடுன்னு வெயிட் போட்டா அதைக் கண்டிப்பா பாக்கணும். 1997ல இங்கிலாந்துல ரெண்டு குழந்தைங்களுக்கு சாப்பிட்டது போதும்னு மூளைக்குச் சொல்ற லெப்டின் ஹார்மோனே ஒழுங்கா இல்லன்னு கண்டுபிடிச்சாங்க, எட்டு வயசுப் பொண்ணு 86 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் குறைஞ்சுது. அந்த மாதிரி இடத்துல டெஸ்ட் வாழ்க்கையையே மாத்தும். நமக்கு இவங்க விக்கிறது அது இல்ல.

என் டிஎன்ஏ தகவலை அழிச்சிடுங்கன்னு மூணு மெயில் போட்டேன், பதில் இல்ல. பவுடர் ஆஃபர் மட்டும் வாரா வாரம் கரெக்டா வருது.

இப்ப தம்பி 124 கிலோ, அவனும் ஸ்லீவ் பண்ணலாமான்னு யோசிக்கிறான், "அந்த கிட் வாங்கட்டுமாக்கா"ன்னு கேட்டான். என் வெயிட் நோட்டையும் அக்கா நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பி விட்டேன்.