நேரடி விமானமா, இறங்கி மாறுவதா? தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது

லண்டன் ஹீத்ரூவிலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்குப் போக எனக்கு இரண்டு வழிகள் இருந்தன: எங்கும் இறங்காமல் போகும் விமானம், அல்லது துபாயில் இறங்கி வேறு விமானம் ஏறுவது. நான் நேரடி விமானத்தை எடுத்தேன். மறுபடி போனாலும் அதைத்தான் எடுப்பேன்.

டிக்கெட் விலையில் பெரும்பாலும் மாறிப் போவதே மலிவு. நடுவில் கொஞ்சம் நடக்கலாம் என்பதும் அதற்குச் சாதகம்தான்.

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நேர்வழியில் சுமார் 10,880 கி.மீ.; துபாய் வழியாக ஏறக்குறைய 5,500, அப்புறம் 5,840. கூடுதல் தூரம் 460 கி.மீ., அதாவது அரை மணி நேரப் பறத்தல். ஆனால் நேரடி விமானம் 13 மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேரும்போது, மாறிப் போனால் 16, 17 மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடுகிறது. ஓடுபாதையில் ஊர்வதும், மேலேறுவதும் இறங்குவதும் இரண்டு முறை நடக்கின்றன. மீதியெல்லாம் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பில்தான் முடிவே இருக்கிறது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என ஒரு கணக்கு உண்டு. அதைவிடக் குறைவான இடைவெளியில் இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அது எல்லாம் சரியாக நடந்தால் போதுமான அளவு, அவ்வளவுதான். முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமாகி, பாதுகாப்புச் சோதனையில் வரிசையும் நீண்டால், அடுத்த விமானத்தின் கதவு மூடியிருக்கும். புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே மூடிவிடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது. நேரடிப் பயணத்தில் முக்கால் மணித் தாமதம் முக்கால் மணியோடு முடியும். இங்கே அது அரை நாளாகலாம். பயந்து மூன்று மணி நேர இடைவெளி வைத்தால் மொத்த நேரம் அந்த அளவு நீள்கிறது. பாதுகாப்பைக் கூட்டக் கூட வேகம் போகிறது.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பெட்டியை எடுத்து, குடிவரவுச் சோதனை கடந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கலாம். சில நாடுகளில் அதற்கு விசாவும் தேவைப்படும். விலை எவ்வளவு குறைந்தாலும் இப்படிப் போகும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூர்–நியூயார்க் போல 15,000 கி.மீ.க்கு மேல், 18 மணி நேரம் ஒரே மூச்சில் பறக்கும் பயணத்தில் நான் உட்கார்ந்ததில்லை. அங்கே நடுவில் இறங்குவது உடம்புக்கு நல்லதாக இருக்கலாம். 13, 14 மணி நேரம் வரைக்கும்தான் என் வாதம்.

நேரடி விமானமே இல்லாத ஊருக்கு என்றால், ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இணைப்பு விமானம் தவறினாலும் அதே நாளில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.