கை நரம்பு வலிக்குப் புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

எங்க வீட்டுக்காரருக்குச் செங்கோட்டையில மரம் அறுக்கிற மில்லுல வேலை. ரம்பத்துல கை பட்டு உள்ளங்கை நரம்பு அறுந்து, திருநெல்வேலியில ஆபரேஷன் பண்ணிச் சேர்த்தாங்க. தையல் ஆறிருச்சு, வலி ஆறல. ஃபேன் காத்து பட்டாலே எரியுதும்பார். சட்டைக் கை உரசினா கரண்ட் அடிச்ச மாதிரி துள்ளுவார்.

அறுந்த நரம்பு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், பொறுங்கன்னு சொல்லி டாக்டர் பிரிகாபலின்னு நரம்பு வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ராத்திரி தூங்காத மனுஷன்கிட்ட பொறுமையைப் பத்திப் பேச முடியுமா? மில்லுல ஒரு அண்ணாச்சி சொன்னார்னு புனலூர் ரோட்டுல ஒரு வைத்தியசாலைக்குப் போனோம்.

"நரம்புல அடைப்பு, சேட்டா. இங்கிலீஷ் மருந்தை இன்னைக்கே நிறுத்திருங்க."

பணம் மொத்தமும் முன்கூட்டியே வாங்கிட்டாங்க. பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச்சீட்டுல தொகையை மட்டும் எழுதி நீட்டினாங்க. எண்ணெய் தேய்ச்சு, மணிக்கட்டுல இருந்து விரல் நுனி வரை இறுக்கிக் கட்டு, அசைக்கவே கூடாதாம். ஜிப் கவர்ல பேரில்லாத கேப்சூல்.

முதல்ல வலி நல்லாவே குறைஞ்சுது. அதுலதான் ஆளு மயங்குறது. அப்புறம் முகம் ஊதுச்சு. சுகரே இல்லாதவருக்குச் சுகர் ஏறுச்சு. கட்டைப் பிரிச்சா விரல் மடங்கல, தோல் பளபளன்னு மினுங்குது.

திரும்ப டாக்டர்கிட்ட ஓடினோம். அந்தக் கேப்சூல்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்பட்டார். அதைத் திடீர்னு நிறுத்தினா ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். பிரிகாபலினையும் அப்படி ஒரேயடியா விட்டிருக்கக் கூடாதாம். புண் ஆறின கையைக் கட்டிப் போட்டா விறைச்சுப் போகும். இப்போ பிசியோதெரபியில பஞ்சு, துண்டு, சொரசொரப்பான துணின்னு படிப்படியாத் தடவிப் பழக்குறாங்க. கண்ணாடியில அடிபடாத இடது கையைப் பார்த்துக்கிட்டே அசைக்கச் சொல்றாங்க. அடிபட்ட கைதான் வலியில்லாம அசையுதுன்னு மூளை நம்புமாம்.

ஆயுர்வேதத்தை நான் குறை சொல்லல. முறையான ஆயுர்வேத மருந்துன்னா லேபிள்ல லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், என்னென்ன சேர்ந்திருக்குன்னு எல்லாம் இருக்கணும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா போனையே எடுக்கல. கேரளாவுல கொடுத்த காசுதானேன்னு விடுறதா இல்ல. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டும் கேட்கலாம். தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னாங்களே, அந்த ரசீது பத்திரமா இருக்கு. நீங்களும் அங்க பணம் கட்டியிருந்தா, மிச்ச கேப்சூலைக் குப்பையில போட்டுராதீங்க, உங்க டாக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க.