புதுச்சேரியில் கிரானோலா வகுப்புக்குப் பணம் கட்டப்போகிறீர்களா?

"சர்க்கரையே இல்லாத கிரானோலா. ஒரே நாளில் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று புதுச்சேரியிலிருந்து ஒரு விளம்பரம் இன்ஸ்டாகிராமில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரானோலா என்றால் ஓட்ஸ், முந்திரி, விதைகள் எல்லாவற்றையும் தேனில் பிரட்டி ஓவனில் மொறுமொறுப்பாகச் சுட்ட காலை உணவு. வகுப்புக்கு 1,800 ரூபாய், வீட்டுக்கு எடுத்துப்போகும் கிட்டுக்குத் தனியாக 1,200 ரூபாய். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் இரண்டுக்கும் பணம் கட்டியவள் சொல்கிறேன், மொத்தமும் தண்டம். புகார் கொடுத்திருப்பதால் நடத்துபவரின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதைப் படித்தால், இதே வேலையை வேறு யார் செய்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

"ஒவ்வொருவரும் தன் கையாலேயே செய்யலாம்" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மாடியில் ஒரு ஹால், பத்துப் பதினைந்து பெண்கள், மேசை மேல் ஒரே ஒரு சின்ன ஓடிஜி, அதாவது மின்சார ஓவன். அதில் ஒரு தட்டுதான் நுழையும். நடத்துபவர் செய்வார், நாம் வேடிக்கை பார்க்க வேண்டும். போனில் படம் எடுக்கக் கூடாதாம், ரெசிபி ரகசியமாம். அந்த ரகசியம் இதுதான்: ஓட்ஸ், முந்திரி, திராட்சை, செர்ரி எல்லாவற்றையும் தேனில் பிரட்டி, மொத்தமாக 200 டிகிரியில் உள்ளே தள்ளினார். வெளியே எடுத்தபோது மேலே கருகல், அடியில் ஈரம், திராட்சை ஒரே கசப்பு. ஒரு அக்கா கேட்டே விட்டார். "அது கேரமல் டேஸ்ட் சிஸ், ஃபாரின்ல இப்படித்தான் சாப்பிடுவாங்க" என்று பதில் வந்தது.

இடையில் ஒரு வரலாற்று வகுப்பு வேறு. கிரானோலா பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன புதுச்சேரி பலகாரமாம்! இதற்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் சம்பந்தமே இல்லை. 1863இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் கிரஹாம் மாவை (தவிட்டோடு அரைத்த கோதுமை மாவு) சுட்டுப் பொடித்து 'கிரானுலா' என்று கொடுத்தார். பிறகு கெல்லாக் என்ற இன்னொரு மருத்துவர் அதே மாதிரி ஒன்றைச் செய்து, பெயரை லேசாக மாற்றிக் கிரானோலா ஆக்கினார். சரி, அது போகட்டும். அந்தக் கதைக்காக நான் பணம் கட்டவில்லை.

செய்முறைக்கும் 1,800 ரூபாய் தேவையில்லை. மூன்று கப் ரோல்டு ஓட்ஸ் (முழுசாகத் தட்டையாக்கிய ஓட்ஸ்), ஒரு கப் உடைத்த முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்பும் விதைகளும், கால் கப் எண்ணெய், கால் கப்பை விடச் சற்றுக் கூடுதலாகத் தேன் அல்லது வெல்லப்பாகு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள். பிரட்டித் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 150 டிகிரியில் இருபத்தைந்து, முப்பது நிமிடம். பாதியில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். தேன் சீக்கிரம் கருகும், அதனால்தான் சூடு குறைவு. உலர்பழங்களை வெளியே எடுத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், தட்டிலேயே முழுக்க ஆறினால் மொறுமொறுப்பு தானாக வந்துவிடும். வெதுவெதுப்பாக டப்பாவில் போட்டு மூடினால் நம் கடலோரக் காற்றுக்கு மறுநாளே நமுத்துவிடும். ஐப்பசி மழையில் முறுக்கையே காப்பாற்ற முடியாத ஊர் இது.

வகுப்பு போனால் போகிறது என்று விடலாம். கிட் விஷயத்தை அப்படி விட முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்காகத்தான் வாங்கினேன்.

கிட்டில் இருந்த ஓட்ஸ் ரோல்டு ஓட்ஸே இல்லை. உடனே வேகும் பொடி ஓட்ஸ். பாலில் கொதிக்கவைத்துக் குடிக்க அது சரி, கிரானோலாவில் மாவாக உதிரும். 'சியா விதை' என்று இருந்ததைத் தண்ணீரில் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்திலேயே சுற்றிலும் வெள்ளையாகக் குமிழ் கட்டிக்கொண்டது. அது சப்ஜா, ஃபலூடா கடையில் போடுகிறார்களே, அதே. சியா சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி போட்டிருக்கும், ஊறவும் நேரம் எடுக்கும். சப்ஜா ஒரே கறுப்பு, விலையும் குறைவு.

முந்திரிதான் பெரிய கூத்து. 'பண்ருட்டி முந்திரி, டபிள்யூ 240' என்று எழுதி, கடலூர் மாவட்டத்துக்காரியிடமே விற்கிறார்கள். 240 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 220 முதல் 240 முழுப் பருப்பு நிற்க வேண்டும். பாக்கெட்டில் எண்ணிப் பார்க்க முழுப் பருப்பே இல்லை, அத்தனையும் உடைசல். உடைசல் கிரானோலாவுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் அதற்கு உடைசல் விலைதான் கொடுக்க வேண்டும். அது மட்டுமில்லை, பாக்கெட்டைப் பிரித்ததும் சிக்கு வாடை. பழைய பருப்பு, எண்ணெய் கெட்டுப்போயிருந்தது. வறுத்தாலும் அந்த வாடை போகாது.

'இம்போர்ட்டட் செர்ரி'யைத் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் ரோஸ் கலர் ஆனது. கடித்தால் ஒரே இனிப்பு. பேக்கரி கேக் மேல் வைக்கிற அதே சரக்கு. நம் ஊர்க் களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. கிரான்பெர்ரியும் சர்க்கரையில் தோய்த்ததுதான். கூடவே 'மலைத்தேன்' ஒரு பாட்டில், லேபிளே கிடையாது. அது நல்ல தேனா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது என்று சொல்லும் வீட்டுச் சோதனைகளில் அரிசிப் பாகு கலந்திருந்தால் பிடிபடாது, அதற்கு லேப்தான் வேண்டும். நியாயமாகச் சொல்வதானால் பூசணி விதை மட்டும் புதுசாக, நன்றாக இருந்தது.

இவ்வளவையும் ஒரு பையில் கட்டி மேலே 'சர்க்கரை சேர்க்காதது' என்று ஸ்டிக்கர். கேட்டதற்கு, "தேன் நேச்சுரல் சிஸ், அது சர்க்கரைக் கணக்கில் வராது" என்றார். வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 விதிகளின்படி தேன் சேர்த்தாலோ, சர்க்கரை ஏற்றிய பழம் சேர்த்தாலோ அப்படி எழுதவே கூடாது. 'சர்க்கரையில்லாதது' என்று விளம்பரத்தில் போட்டதற்கு இன்னும் கடுமையான அளவு இருக்கிறது, 100 கிராமில் அரை கிராம் சர்க்கரைக்கு மேல் போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீடுகளைக் குறிவைத்து விற்றுவிட்டு இப்படிப் பேசுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பையில் தயாரித்த தேதி இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. 14 இலக்க உரிம எண் மட்டும் இருந்தது. அதை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், வேறு ஏதோ ஊர் ஊறுகாய்க் கம்பெனி வந்தது. பணம் கட்டும் முன் நீங்களும் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. "வீட்டில் செய்து விற்பதற்குப் பதிவே வேண்டாம்" என்று வகுப்பில் சொன்னாரே, அதையும் நம்பி இறங்கிவிடாதீர்கள். வீட்டில் சின்ன அளவில் செய்து விற்பவர்களும் பதிவு செய்தாக வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "பார்க்கிறேன் சிஸ்", அப்புறம் "கிட்டைப் பிரித்துவிட்டீர்களே", அப்புறம் வாட்ஸப்பில் பிளாக். பில் கேட்டபோது தரவில்லை, ஜிபேயில் தனி நபர் எண்ணுக்குத்தான் பணம் போயிருக்கிறது. நல்லவேளை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன பதிவு, பாக்கெட் படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகிவிட்டது. கலப்படத்துக்குத் தனியாக, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் புகார்த் தளமான ஃபுட் சேஃப்டி கனெக்ட் வழியாகவும் போட்டிருக்கிறேன். "புதுச்சேரி தனி அரசாச்சே, அங்கே போய் யார் அலைவது" என்று வீட்டில் கேட்டார்கள். அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதனால் எனக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அந்த ஹாலில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். மிச்சமிருக்கும் கிட்டைத் தூக்கி எறிய வேண்டாம், சாட்சிக்கு வேண்டும். அடுத்த வகுப்புக்கான விளம்பரம் நேற்று வந்துவிட்டது. இந்த முறை கட்டணம் 2,200.