பகலை அளக்கும் கொசு, வெப்பத்தை அளக்கும் அந்துப்பூச்சி

வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில், ஊதாக் குடுவைத் தாவரத்தின் இலைக்குள் தேங்கும் நீரில் ஒரு சிறு கொசு வளர்கிறது. பகல் குறிப்பிட்ட அளவுக்குக் குறுகியதும் அதன் புழு வளர்ச்சியை நிறுத்திக் குளிர்கால உறக்கத்தில் ஆழும். பூமி எவ்வளவு சூடேறினாலும் பகலின் நீளம் மாறாது. கோடை நீண்டபோது கொசுவின் கணக்குதான் மாற வேண்டியிருந்தது. ஒரேகான் பல்கலைக்கழகத்தின் பிராட்ஷாவும் ஹோல்சாப்ஃபெலும் 2001இல் இதை மெய்ப்பித்தார்கள். 1972க்கும் 1996க்கும் இடையில், 50 பாகை வட அட்சரேகையில், உறக்கத்தைத் தொடங்கிவைக்கும் பகல் நீளம் 15.79 மணி நேரத்திலிருந்து 15.19 ஆக இறங்கியது. அதாவது உறக்கம் 9 நாள் தள்ளிப்போனது. வெறும் 5 ஆண்டுகளிலேயே மாற்றம் தென்பட்டது என்பது என்னை இன்றும் மலைக்க வைக்கிறது.

நெதர்லாந்தின் குளிர்கால அந்துப்பூச்சிக்குச் சிக்கல் நேர் எதிரானது. ஓக் மரத்தில் இடப்படும் அதன் முட்டை வெப்பத்தைப் பார்த்துப் பொரிகிறது. வசந்தம் சூடேறியதும் முட்டைகள் அவசரப்பட்டன. தளிர் விரியும் முன்பே வந்த புழுக்கள் பட்டினியால் மடிந்தன. தாமதமாகப் பொரியும் மரபு கொண்டவை பிழைத்தன. சில ஆண்டுகளிலேயே அந்த மரபு ஓங்கியது.

இரண்டிலும் எனக்கு அந்துப்பூச்சியின் நிலைதான் கடினமாகப் படுகிறது. கொசுவுக்கு நீண்ட கோடை கூடுதல் வாய்ப்பு. அந்துப்பூச்சியோ மரத்தின் நாள்காட்டியோடு ஒத்துப்போக வேண்டும். அதன் பெண்ணுக்குப் பறக்கும் சிறகுகளும் இல்லை.