முழங்கால் வலி: அக்குபங்சரா, டுலாக்சிட்டினா?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வழக்கமான வலி மாத்திரைகள் வயிற்றைப் பதம் பார்த்துவிட்டன, பிபியும் இருக்கிறது, அதனால் அவை வேண்டாம் என்று ஆகிவிட்டது. மும்பை செம்பூரில் பார்க்கும் எலும்பு டாக்டர் டுலாக்சிட்டின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாமி, மாட்டுங்காவில் அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டால் சரியாகும் என்றார். நாங்கள் போனது ஊசிக்கு. என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் எந்த வழியில் போனாலும் உண்டு, அதில் பேச ஒன்றுமில்லை.

மாத்திரை உறையில் இருந்த தாளை நான் படித்துக் காட்டியதும் அம்மா கேட்டது: “ஏண்டா, முட்டி வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா?” நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இரண்டு வைத்தியமுமே தேய்ந்த குருத்தெலும்பைத் தொடுவதில்லை, இரண்டும் போவது மூளை வழியாக. நடுமூளையில் இருக்கும் ஒரு சாம்பல் நிறப் பகுதி, தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பி, கீழிருந்து வரும் வலிச் செய்தியை அடக்குகிறது. அந்த இறங்குபாதையில் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற நரம்பு வேதிப்பொருட்களைக் கூட்டுவது டுலாக்சிட்டினின் வேலை. அமெரிக்காவில் 2010-இல் நாட்பட்ட எலும்பு, தசை வலிக்கும் இதை அனுமதித்தார்கள்.

ஊசியும் அதே பாதையைத்தான் தட்டுகிறது, வேறு முனையிலிருந்து. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்புக்கு வெளிப்பக்கச் சதையில் முடி போன்ற ஊசியை இறக்கித் திருகும்போது, அம்மா சொன்னபடி, “குத்தலே இல்லை, கனமா இழுக்குது”. அந்தக் கனம் வந்தால்தான் ஊசி சரியாக இறங்கியது என்பார்கள். பிறகு கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் விட்டால் கெண்டைக்கால் தானாகத் துடிக்கும். வினாடிக்கு 2 துடிப்பு என்றால் உடலில் ஒருவகை இயற்கை வலிநிவாரணிகளும் 100 என்றால் வேறுவகையும் சுரக்கின்றன என்பதை, பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற ஆய்வாளர் விலங்குகளிடம் ஆராய்ந்து காட்டினார். பாஸ்டனில் முழங்கால் தேய்மானக்காரர்களை ஸ்கேனில் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு மாத ஊசிக்குப் பின் அந்தச் சாம்பல் பகுதிக்கும் நெற்றிப்புற மூளைக்கும் உள்ள தொடர்பு மாறியிருந்தது, குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்த பொய் ஊசி பெற்றவர்களிடம் அப்படி மாறவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஏனென்றால் 2006-இல் வெளியான, ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஜெர்மன் ஆய்வில், அசல் ஊசிக்கு 53 சதவீதம் பேரும் வேறு இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசிக்கு 51 சதவீதம் பேரும் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 29. ஆக, ஊசி எங்கே குத்துகிறோம் என்பதைவிட, குத்துகிறார்கள், கவனிக்கிறார்கள், குறையும் என்ற எதிர்பார்ப்புதான் பாதி வேலையைச் செய்கிறதோ என்னவோ. அந்த எதிர்பார்ப்பும் மூளையின் இதே பகுதிகள் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால் எனக்கு அதில் சங்கடமில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்புக்குச் சங்கடம் இருக்கிறது, அவர்கள் ஊசி வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் சங்கம் 2019-இல் இந்த இரண்டையுமே, உறுதியாக அல்ல, ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற அளவில் ஏற்றுக்கொண்டது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வி. டுலாக்சிட்டினைத் திடீரென்று விட முடியாது. தலைசுற்றல், குமட்டல், எரிச்சல் வரும், டாக்டர் சொல்லச் சொல்லப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிபியைச் சற்று ஏற்றவும் கூடும். எங்கள் அம்மாவோ நன்றாக இருக்கிறது என்று தோன்றிய அன்றே மாத்திரையை நிறுத்துகிற ரகம். ஊசியில் அந்தப் பயமில்லை, ஒரு வாரம் போகாவிட்டால் வலி கொஞ்சம் தலைகாட்டும், அவ்வளவுதான். ஆனால் அதுவும் ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. 2005-இல் வந்த இன்னொரு ஜெர்மன் ஆய்வில், 8 வாரத்தில் தெரிந்த வித்தியாசம் 52 வாரத்தில் காணாமல் போயிருந்தது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போகத்தான் வேண்டும், சயனுக்கு அப்பால் ஆட்டோ போகாது என்பதால் ஒவ்வொரு முறையும் டாக்ஸிச் செலவு வேறு.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் வேண்டாம். ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். வெளியே போக முடியாதவர்களுக்கும், வலியோடு மனச்சோர்வும் சேர்ந்தவர்களுக்கும் மாத்திரைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன், ஆனால் அம்மா அதை ஒருநாளும் விழுங்கவில்லை, அதனால் அந்தப் பக்கத்து அனுபவத்தை மாதக்கணக்கில் எடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.