யோகாசனமா, கிரிவலமா?

வாழ்வின் பொருளை உடலின் வழியே தேடும் மதுரைவாசிகள் சிலர், யோகாசன வகுப்பில் சேர்வதா, பௌர்ணமிதோறும் திருப்பரங்குன்றத்தை வலம் வருவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: வகுப்புக்குப் பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு, கிரிவலத்துக்குப் பேருந்துக் கட்டணம் போதும்.

எளிமை: நடக்க ஆசிரியர் தேவையில்லை. ஆசனத்துக்கு, குறிப்பாகக் கழுத்தில் சுமையேற்றும் சிரசாசனத்துக்கு, நேரில் திருத்துபவர் கட்டாயம் வேண்டும்.

நிலைப்பு: இங்குதான் வேறுபாடு ஆழமானது. சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளிலும் மூச்சும் அசைவும் இணையும்போது, அலைந்த மனம் நாள்தோறும் உடலுக்குத் திரும்புகிறது. முன்பின் அறியாதவர்களோடு ஒரே திசையில் நடக்கும் கிரிவலமோ, நம் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்துகிறது. தந்தையை இழந்த ஆண்டில் எனக்கு அதுவே துணைநின்றது.

அன்றாட ஒழுங்கு தேடுவோருக்கு யோகாசனம் ஏற்றது. தனிமையில் வாடுவோர் முதலில் கிரிவலம் செல்லலாம். மூட்டுவலி உள்ளவர்கள் எதையும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.